அங்கிளின் கராஜ் வாசல்

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. நினைத்தாலே என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

நாங்கள் இருக்கும் நோபல் பார்க் புறநகரில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு அங்கிளுக்கும் கார் போய்வர ஒரே டிரைவ்வே. போன குளிர்காலத்தில் ஒருநாள் பின்னேரம் ஆலங்கட்டி மழை கொட்டி, அது முழுவதும் வெள்ளையாகிவிட்டது. மகளின் பிறந்தநாளுக்கு ஆட்கள் வரப்போகிற அவசரம். தும்புத்தடியால் எல்லாவற்றையும் கூட்டி, அங்கிளின் கராஜ் வாசலில் குவித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

விடிந்து பார்த்தால் குவியல் கல்லாக இறுகிக் கிடந்தது. மனைவி அன்ரியை டயலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டிய அங்கிள், காரை வெளியே எடுக்க முடியாமல், தோசை திருப்பும் தட்டகப்பையால் அதைக் கொத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் ஊற்றி உடைத்துக் கொடுத்தேன்.

"நேற்று வெள்ளம் எல்லாத்தையும் இஞ்சால அள்ளிக்கொண்டு வந்திட்டுது போல கிடக்கு, பிள்ளை," என்றார்.

"ஓம் அங்கிள்," என்றேன்.

குவித்ததைவிட அந்த 'ஓம்'தான் எனக்குக் குமட்டுகிறது.

இப்போதும் கோயிலில் கண்டால், "எங்கட வாசல் ஐஸை உடைச்சுத் தந்த பிள்ளை இவதான்," என்று எல்லோருக்கும் காட்டுவார். அன்ரி தன் பங்கு வடையையும் என் கையில் வைப்பார். வெட்கமில்லாமல் அதையும் வாங்கித் தின்கிறேன்.