கதையில் செத்துப்போன ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் ஜெனி போன் செய்தாள். "ஆன்ட்டி... அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி. நாலு மணிக்கு அடக்கம். வந்துடுங்க."

எப்படி என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லிவிடும் முன்னால் வைத்துவிட்டேன். ஏன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே கதை எழுதுவேன். ஏழாவது படிக்கும்போது எதிர் குவார்ட்டர்ஸ் மாமாவை வைத்து ஒன்று எழுதினேன். கதையில் அவர் பாம்பு கடித்துச் செத்துப்போவார். கிளாசே கை தட்டியது.

அந்த மாதமே மாமா நிஜமாகவே இறந்துபோனார். பாம்பு இல்லை, காய்ச்சல்தான்... ஆனால் போய்விட்டார்.

அம்மா அடிக்கவில்லை. "இனிமே யாரையும் சாவடிக்காதடி" என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் இருந்த பயம் எனக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகியும் எழுதிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் என் கதைகளில் யாரும் சாகவில்லை. கேன்சர் வந்தவர்கூட மூன்றாம் பக்கத்தில் எழுந்து காபி குடிப்பார். பத்திரிகைகள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பின. பின்னே?

ஸ்டெல்லா அக்காவும் நானும் மார்க்கெட்டில் ஒரு டி.டி.பி. கடையில் ஒன்றாக வேலை பார்த்தோம். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் என் கதைகளை டைப் செய்து தருவார். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இன்னாடி கலா இது... எல்லாரும் பொழச்சிக்கினே இருக்காங்க! ஒருத்தருக்குக் காய்ச்சல்கூட ரெண்டு நாளு நிக்க மாட்டேங்குது?"

மாமா விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"அவ்ளோ பயமா இருந்தா என்னையே வெச்சு எழுது. என் பேரையே போடு. நான் செத்துக் காட்றன், அப்புறமும் ஒன் எதிர்ல குந்திக்கினு டைப் அடிக்கிறன். பாத்துடலாம்."

எழுதினேன். பண்ருட்டி பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே, தூங்குகிற மாதிரி ஸ்டெல்லா இறந்துபோகிறாள். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் எழுப்பிப் பார்க்கிறார்...

டைப் செய்ததும் அக்காதான். "தேவலாம், கஷ்டப்படாம போயிட்டன்" என்றார்.

அதுதான் அச்சில் வந்த என் முதல் கதை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். "இதுல செத்துப்போனது நான்தாங்க!" ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெரியவர் பயந்தே போனார்.

கதை வந்த மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ். "இருக்கன். எழுது."

இருவரும் கடையை விட்டு நின்ற பிறகும் தினமும் அது வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் எழுத உட்காருவேன். அப்படித்தான் ஒவ்வொரு கதையும் வந்தது. போன வருஷம் புத்தகமும் வந்தது.

இப்போது ஒரு நாவல். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நிலக்கரி மைன்சில் வேலை செய்யும் ஒரு பையன் அதில் இறக்க வேண்டும்.

என் பையனும் மைன்சில்தான் கான்ட்ராக்ட்டில் இருக்கிறான்.

"எழுதுடி, நான் இருக்கன் இல்ல?" என்று போன வாரம்தான் அக்கா சொன்னார். தைரியமாக ஆரம்பித்தும் விட்டேன்.

இன்று மெசேஜ் வரவில்லை. ஜெனியின் போன்தான் வந்தது.

அக்கா அடிக்கடி பண்ருட்டிக்குத் தங்கை வீட்டுக்குப் போவார். பஸ்சில்தான் போவார்... ஜன்னலோரம்தான் உட்காருவார்.

தெரிந்தவர்கள் யாரும் அக்கா எப்படிப் போனார் என்று கமெண்ட்டில் போடாதீர்கள், ப்ளீஸ். பஸ்சில் என்று இருந்துவிட்டால்... அந்த அத்தியாயத்தை நான் எப்போதும் முடிக்க மாட்டேன். எதையும் எழுத மாட்டேன்.

அடக்கத்துக்குப் போனால் யாராவது சொல்லிவிடுவார்கள். போகாமல் இருக்கவும் முடியாது. எனக்காகச் செத்துக் காட்டியவர்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து பையன் வந்ததும் அவன் பைக்கில்தான் கிளம்ப வேண்டும். வருகிற நேரம்தான்... இன்னும் காணோம். வாசலிலேயே நிற்கிறேன்.

அவன் வந்துவிடட்டும் அக்கா. வர்றேன்.