வருத்தம் துவங்க முந்தி மணி அடிச்சிடும்

வருத்தம் எண்டு வாற நோயாளியளைப் பார்க்கிறது லேசு, பார்த்ததை மணி அடிக்க முந்தி எழுதி முடிக்கிறதுதான் டாக்குத்தர் வேலை எண்டு ரொறன்ரோவுக்கு வந்துதான் படிச்சன். ஊரில டாக்குத்தராய் இருந்துபோட்டு இஞ்ச லைசென்ஸ் சோதினைக்கு மாயிற சகபாடிகளே, உங்களுக்கு விளங்கும். மற்றவைக்குச் சொல்லுறன்: அறைக்குள்ள நோயாளியாய் நடிக்கிற ஆள் இருப்பார். பத்து நிமிஷத்தில விசாரிச்சு, சோதிச்சு, மணி அடிச்சதும் வெளியில வந்து இன்னொரு பத்து நிமிஷத்தில எல்லாத்தையும் கொம்பியூட்டரில அடிக்கவேணும். நான் ரெண்டு தரம் கோட்டை விட்டிட்டன். மூண்டாம் தரமும் விட்டால் பிறகு எழுதவே விடமாட்டினம் எண்டிருந்தது.

பிக்கரிங் வயித்துக்குத்து

வீட்டில பழக ஆள் வேணுமே. கீழ் பேஸ்மென்ரில இருக்கிற சோமண்ணையைக் கெஞ்சிக் கூட்டியந்து வயித்துக்குத்துக்காரராய் நடிக்கச் சொன்னன். "எப்ப துவங்கினது அண்ணை?" எண்டு கேட்டதுதான் நான் விட்ட பிழை. பிக்கரிங்கில பெறாமகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு, அதுக்கு ஹோல் வாடகைக்கு எடுத்த விதம், தன்னைக் கடைசி மேசையில இருத்தினது, மச்சான் முகம் குடுத்துக் கதைக்காதது எண்டு மனிசன் இழுத்துக்கொண்டே போறார். எங்கட ஆக்கள் வருத்தத்தைத் தனியாய்ச் சொல்லமாட்டினம், சொந்தபந்தத்தோடதான் சொல்லுவினம். இடையில வெட்டினால் மரியாதையோ? போனில வைச்ச மணி அடிச்சுது. எனக்கெண்டால் தலையைச் சுவரில இடிக்கலாம் போல கிடந்தது. அவர் ஆறுதலாய்ச் சொன்னார்:

"பிள்ளை, நான் இன்னும் சோறே சாப்பிடேல்லை. வயித்துக்குத்து அதுக்குப் பிறகல்லோ!"

இல்லாத காய்ச்சல்

அக்காவின்ர மகள் ஆரணி இஞ்ச பிறந்து, இஞ்சயே படிச்சு டாக்குத்தரானவள். நான் எழுதிறதைத் திருத்த வருவாள். ஊர் ஆஸ்பத்திரியில வரிசை வாசலைத் தாண்டி நிக்கும். ஒரு துண்டில ரெண்டு சொல்லு எழுதி மருந்துக்கு அனுப்பிப் பழகின கை இது. இருமல் எண்டால் இருமல். அவள் பார்த்துப்போட்டு, "காய்ச்சல் இல்லை எண்டு எங்க? மெலியேல்லை எண்டு எங்க? சளியில ரத்தம் இல்லை எண்டு எங்க?" எண்டு கேக்கிறாள். இல்லாததை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் விடியுமோடி எண்டு கத்திப்போட்டன். நேரம் போகுது, எனக்கு உயிர் போகுது, இவள் வராத காய்ச்சலைத் தேடுறாள்! அவள் கோப்பியை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"சோரி சித்தி. எழுதாட்டி, நீங்கள் கேக்கவே இல்லை எண்டுதான் புள்ளி போடுறவை எடுப்பினம்."

சொல்லாமல் வெளிக்கிட்டது

மூண்டாம் தரம், கடைசிச் சோதினை. அறைக்குள்ள ஒரு வெள்ளைக்கார அம்மா. புருஷன் செத்தாப்பிறகு நித்திரையே இல்லை எண்டு அழுதா. நடிப்பெண்டு தெரியும், நாசமாய்ப்போன மனசு கேக்கவேணுமே! கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன். மணி அடிக்க, எழும்பி வாய் திறக்காமல் வெளியில வந்திட்டன். செத்தவீட்டில ஆரும் "போயிட்டு வாறன்" எண்டு சொல்லுறதே?

வெளியில வந்தாப்பிறகுதான் ஞாபகம் வந்தது. விடைபெறுறதுக்கும் புள்ளி இருக்கு! ஓடிப்போய்க் கொம்பியூட்டரில அடிச்சன். கடைசி வரி அரைவாசியில நிக்க ஸ்கிரீன் மூடிக்கொண்டுது. வீட்டுக்கு வந்து என்னைக் கட்டின மனிசனிட்டச் சொல்லி அழுதன். அவர் கேட்டார்:

"நீர் சோதினைக்குப் போனனீரோ, செத்தவீட்டுக்குப் போனனீரோ?"

கவுன்ரரில வந்த மறுமொழி

நான் வேலை செய்யிற மோர்னிங்சைட் மருந்துக்கடையில நிக்கேக்கைதான் சோதினை மறுமொழி போனில வந்தது. பாஸ்! கண்ணால தண்ணி ஓடிச்சுது. பிள்ளை பெத்த அண்டைக்குக்கூட நான் அப்பிடி அழேல்லை. பாஸ் மட்டும் காணாது, ஆஸ்பத்திரியில பயிற்சிக்கு இடம் தந்தால்தான் நோயாளியைத் தொடலாம் எண்டது அந்த நேரம் ஞாபகத்துக்கே வரேல்லை. அந்த இடம் இண்டைவரைக்கும் வரேல்லை எண்டது வேற கதை. பிரஷர் குளிசைக்கு நிண்ட அன்ரியிட்ட, "அன்ரி, நான் டாக்குத்தர் சோதினை பாஸ்!" எண்டு கத்திப்போட்டன். அவ தலையாட்டினா:

"நல்லது பிள்ளை. குளிசையைத் தந்துபோட்டு அழுமன்."

எழுத நேரம் காணேல்லை எண்டு மாரடிச்ச எனக்கு இப்ப நேரம் கனக்கக் கிடக்கு, எழுதத்தான் ஒரு நோயாளியும் இல்லை.