டீக்கு முந்தைய ஒரு மணி நேரம்

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு மாதம் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி நேர்ந்ததில்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் லாரி வந்தால், அது நிற்கும் முன்பே அம்மாவின் குரல் தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. முடி கொட்டியது, முகம் உப்பியது, சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒருநாள் யாரோ அவள் குடத்தை நகர்த்திவிட்டுத் தங்கள் குடத்தை வைத்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நைனா அன்றைக்குத்தான் பயந்தார்.

அத்தை வந்து பார்த்ததும் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "எல்லாம் இவன் பண்ற சேட்டைதான். பெத்தவளுக்கு மனசே வுட்டுப் போச்சு," என்றார் என்னைக் காட்டி.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக் கோழிக்கு மூக்குப்பொடி போட்டிருந்தேன். வாயைத் திறந்தால்தானே வம்பு என்று வீட்டில் பேசுவதையே நிறுத்தினேன். தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தேன். வீடு அமைதியாக ஆக, அம்மா இன்னும் மோசமானாள். அவள் மோசமாக ஆக, நான் இன்னும் நல்லவனானேன். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் எனக்குக் கோயில் கட்டியிருப்பார்கள். அம்மா என்ன ஆகியிருப்பாள் என்று நினைக்க இப்போதும் பயமாக இருக்கிறது.

நைனா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் கூடவே போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உங்க கழுத்துல இருக்கற தைராய்டைத் தாக்குதும்மா. அது சோர்ந்தா மனசும் சேர்ந்து சோர்ந்துடும். இது சோம்பேறித்தனம் இல்ல. யார் மேலயும் தப்பு இல்ல."

பின்னாலிருந்து நான் கேட்டேன். "அப்ப கோழிக்குப் பொடி போட்டதால இல்லியா?"

அம்மா மெதுவாகத் திரும்பினாள். "எந்தக் கோழிக்குடா?"

பல வாரங்களில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அந்தக் கோழிக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. கண் விழித்ததும் டீ கேட்பவள் அம்மா. "மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் டீ குடிக்கக் கூடாதாம்டா. நீதான் காவலு. இங்க குந்து," என்றாள். ஐந்தரை மணிக்கு எழுந்து டீத்தூள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போலீஸ்காரனுக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருக்காது.

"சும்மா குந்திகினா எப்டி? எதுனா சொல்லு."

சொன்னேன். கணக்கு வாத்தியாரின் டோப்பா முடி காற்றில் பறந்த கதை, காசிமேட்டில் திமிங்கலம் ஒன்று மீன் ஏலக்காரரைத் துரத்திய கதை. முதல் சில வாரங்கள் அம்மா கண்ணை மூடியே கேட்டாள். நான் நிறுத்தினால் மட்டும் "ம்" என்பாள். மூன்றாவது மாதம் ஒருநாள், "நேத்து திமிங்கலம் இதவிட சின்னதா இருந்துச்சேடா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாசலில் சவரம் செய்துகொண்டிருந்த நைனா பாதி நுரையோடு எழுந்து போய், வெகுநேரம் முகம் கழுவினார். சோப்பு கண்ணில் பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் எனக்கும் அதே நோய் வந்தது. அம்மாவின் சொத்தில் எனக்கு இதுவரை கிடைத்தது அது ஒன்றுதான். எனக்கு வைத்தியம் பார்த்தவர், டீக்கு அரை மணி நேர இடைவெளி போதும் என்றார். நேராக அம்மாவிடம் போய் நின்றேன்.

"உனக்கும் அரை மணின்னுதான் சொன்னாங்களா?"

"ஆமா."

"அப்றம் இன்னாத்துக்கு ஒரு மணி நேரம் குந்த வெச்ச?"

அம்மா டீயை ஆற்றிக்கொண்டே, "உன் கதை என்னிக்காச்சும் அரை மணில முடிஞ்சிக்கீதா?" என்றாள்.

மாத்திரை உடம்பில் பிடிக்கும்வரை, பாயை விட்டு எழ அவளுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அது நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது லீவு வேண்டும் என்று நைனாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.