கடல் பக்கத்துச் சக்கரம்

நேற்றுக் காலை பள்ளிக்கூட வேன் வந்து நின்றதும் நான் குனிந்து அதன் சக்கரத்து நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். உங்கள் இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது. "எல்லாரும் பாக்கறாங்கப்பா, போப்பா" என்றாள் பெரியவள். சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஏன் தொட்டேன் என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டாவதோடு நின்றவன் நான், வந்த அளவுக்கு எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கடை கிடையாது. பைக்கின் பின்னால் ஸ்பேனர் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கார் எங்கே நிற்கிறதோ அங்கே போய் பிரேக் பார்ப்பேன். திருவொற்றியூரில் பிறந்தவனுக்கு இடது வலது எதற்கு? கடல் பக்கம், ரயில் பக்கம், அவ்வளவுதான். வீட்டு வாசலுக்கும் அப்படித்தான் சொல்வேன், கார் சக்கரத்துக்கும் அப்படித்தான் சொல்வேன்.

போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் ஒரு பாய் போன் பண்ணினார். தார்ப்பாய், கயிறு வியாபாரம் செய்கிறவர். மகள் வயிற்றுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தாகிவிட்டது, பெரம்பூருக்குப் புறப்பட வேண்டும், பிரேக் அடித்தால் கீச்சென்று கத்துகிறது என்றார். போய்ப் பார்த்தேன். எண்ணூரைப் பார்த்தபடி, ஒரு கன்டெய்னர் யார்டு வாசலை ஒட்டி காரை நிறுத்தியிருந்தார். முன் பிரேக் பேடு இரண்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது.

ரயில் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றி, பேடு மாற்றி, திரும்ப மாட்டி, நட்டுகளை ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். அடுத்தது கடல் பக்கம். அதையும் மாற்றிச் சக்கரத்தை மாட்டினேன். ஜாக்கியில் நிற்கும்போது நட்டைக் கையால்தான் முடுக்குவோம். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் ஸ்பேனர் முறுக்கு. ஜாக்கியை இறக்கும்போது பின்னால் ஒரு டிரெய்லர் வந்து ஹாரன் அடித்தது.

"யோவ், வூடு கட்டிக்கினுகீறியா அங்க? வண்டிய எட்றா!"

"பாய், மெதுவா எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்துங்க. கடல் பக்கம் மட்டும் இன்னும் முறுக்கல" என்றேன். அவர் ஊர்ந்தபடியே திருப்பி நிறுத்தினார். நான் ஸ்பேனரோடு ஓடி, கடல் பக்கத்துச் சக்கரத்தில் நான்கு நட்டையும் முறுக்கினேன். ஒன்றுகூட நகரவில்லை. நம் கைமுடுக்கே இவ்வளவு பலமா என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. இரண்டு சக்கரத்துக்கும் நட்டுகளை மூடும் வீல் கப்பை அடித்து மாட்டினேன். பின் சீட்டில் உங்கள் வயதில் ஒரு பெண்ணும் ஒரு பையனும், தாத்தாவை 'நன்னா, நன்னா' என்று கூப்பிட்டபடி முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் எனக்கும் ஒன்று நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

கார் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். டீக்கடைக்குப் போனேன். "கடல் பக்கம் பெஞ்சு காலி, குந்து நைனா" என்றார் கடைக்காரர். தலையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தத் திருப்பத்தில்தான் உறைத்தது. கார் திரும்பியதும் கடல் பக்கமும் மாறிவிட்டதே! ஏற்கனவே முறுக்கிய சக்கரத்தையே மறுபடி முறுக்கியிருக்கிறேன். கையால் முடுக்கியது மட்டும் அப்படியே பெரம்பூருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

டீ கூடச் சொல்லவில்லை. போன் போட்டேன். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத நல்ல மனுஷன் அவர். அந்த நல்ல பழக்கமே அன்றைக்கு எனக்கு வினையானது.

பைக்கை எடுத்தேன். எப்படி ஓட்டினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. வழியெல்லாம் கன்டெய்னர் லாரி. எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் அங்கே அந்தக் கார் கிடப்பதாகவே தோன்றியது. தண்டையார்பேட்டையில் ஒரு கூட்டத்தைப் பார்த்து நின்றேவிட்டேன். யாரோ மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். சட்டைப்பையில் அந்தப் பெண் கொடுத்த முறுக்கு நொறுங்கிக் கிடந்தது. அதைத் தூக்கி எறியவும் பயமாக இருந்தது.

பாலம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் கார் ஓரமாக நின்றிருந்தது. பாய் கீழே இறங்கி டயரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஜன்னலில் தலையை நீட்டியிருந்தாள்.

"இன்னா நைனா, கரீட்டா வந்துட்ட! 'டக்கு டக்குன்னு சத்தம் வருது நன்னா, நிறுத்து நிறுத்து'ன்னு இவதான் உசுர வாங்கிட்டா. கல்லு கில்லு மாட்டிக்கிச்சா பாரு."

வீல் கப்பை நெம்பினேன். இரண்டு நட்டு கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அதுதான் டக்கு டக்கு. மற்ற இரண்டும் போல்ட்டு முனையில் தொங்கிக்கொண்டிருந்தன. 'கல்தான் பாய்' என்று சொல்லிவிடலாம். அவர் நம்பியிருப்பார். சொல்லவும் வாய் திறந்தேன். அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு இல்ல பாய். என் தப்பு" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது. பாலத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். "கடலு எங்கியும் போவல நைனா. அது அங்கியேதான் கீது" என்றார். "முறுக்கு. என் கண்ணு முன்னாடி முறுக்கு. எட்டும்."

எட்டு நட்டையும் முறுக்கினேன். பெரம்பூர் வரைக்கும் அந்தச் சக்கரத்தைப் பார்த்தபடியே காருக்குப் பின்னால் பைக்கில் போனேன். அவர் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.

இப்போது ஸ்பேனரால் முறுக்கிய டயரில் உடனே சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறேன். கோடு இல்லாத டயர் முடியாத டயர், கார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் சரி. ஆனாலும் வேலை முடித்த வண்டிக்காரர் யாராவது கொஞ்ச நேரத்தில் போன் பண்ணினால், எடுப்பதற்குள் என் கை பைக் சாவியைத் தேடிவிடுகிறது.

உங்கள் வேனில் யார் கோடு போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கும் குனிவேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் உட்கார்ந்திருக்கும்போது டக்கு டக்கென்று சத்தம் கேட்டால், வெட்கப்படாமல் கத்துங்கள்.