அக்காவின் அலுமாரியில் கட்டிய வேட்டி

எங்கள் அக்கா கொடிகாமத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். ஐயா வேளைக்கே கண்ணை மூடிவிட, எங்கள் எல்லோரையும் கரைசேர்த்தவர் அவர்தான். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அது அக்காவின் பிழை இல்லை. இந்த நன்றிக் கடிதத்தையும் ஆறுதலாக இருந்து எழுத்துக் கூட்டித்தான் எழுதினேன். எழுத்துப் பிழையை மகள் திருத்தினாள். சொன்னதைத் திருத்த நான் விடவில்லை.

நாட்டுப் பிரச்சினையோடு அக்கா டென்மார்க் வந்தார். முதலில் பிராண்டேயில் தொழிற்சாலை வேலை, பிறகு சில்க்போர்க்கில் முதியோர் இல்லத்தில் வேலை. என்னையும் என் பிள்ளைகளையும் கூப்பிட்டு எடுத்ததும் அவர் உழைப்பில்தான். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

டெனிஷ் படிக்க மலிவான கதைப்புத்தகம் தேடி ஒரு பழைய சாமான் கடைக்குப் போனார். அங்கே வேலைக்கு நின்றவர் கிர்ஸ்டன் என்ற டெனிஷ் பெண். அக்கா எடுத்த புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். பெண்ணைப் பெண் விரும்புகிற, ஆணை ஆண் விரும்புகிற பழைய மலிவுப் பதிப்புக் கதைகள் அவை. அந்தக் காலத்தில் ரயில் நிலையக் கடையில் வாங்கி, ஒளித்து வாசித்துவிட்டு எறிந்துவிடுவார்களாம். எறியாமல் தப்பியதை அக்கா சேர்த்தார். கடைக்கு வந்தவற்றைக் கிர்ஸ்டன் மேசைக்குக் கீழே ஒதுக்கி வைத்துக் கொடுத்தார். பிறகு இருவரும் ஒரே வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா எனக்கு அந்தக் கதைகளைத் தமிழில் சொல்லுவார். முடிவில் ஒருத்தி செத்துப்போவாள், இல்லாவிட்டால் ஓர் ஆம்பிளையைக் கட்டிக்கொண்டு போவாள். எனக்குக் கோபம் வரும்.

"அது அச்சடிக்கிறவைக்குப் பயந்து எழுதின முடிவு. நடுவிலை அவை சந்தோசமாய் இருந்த இடத்தைப் பாரடி. என்ர முடிவு அங்கை குசினியிலை வடையைக் கருக்கிக்கொண்டு நிக்குது" என்பார் அக்கா.

வருத்தம் முற்றி அக்கா படுக்கையில் விழுந்தபோது அந்தக் கிர்ஸ்டன்தான் இடியப்பம் பிழிந்து, சொதி விட்டுக் குழைத்து அக்காவுக்குத் தீத்தினார்.

அக்காவின் தகனம் முடிந்தபின் வீட்டுக்குச் சனம் வரத் தொடங்கியது. சின்னம்மாவின் மகன், எங்களுக்குத் தம்பி, அட்டைப் படங்களை ஆட்கள் பார்த்துவிடுவார்கள் என்று ஒரு வெள்ளை வேட்டியைப் புத்தக அலுமாரிக்குக் குறுக்கே கட்டிவிட்டார். நான் தேத்தண்ணியோடு வர, கிர்ஸ்டன் அழுத முகத்தோடு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். வேட்டி கட்டியதை எங்கள் துக்கவீட்டு வழக்கம் என்று நினைத்துவிட்டார்.

"தங்கச்சி, மற்ற அலுமாரிக்கும் கட்டவேணும்தானே?" என்று தமிழில் கேட்டார். அக்காவைப் பார்த்து என்னை அப்படிக் கூப்பிடப் பழகியவர்.

அது எங்கள் வழக்கம் இல்லை என்று சொல்லி, வேட்டியை அவிழ்த்து மடித்துத் தம்பியின் கையில் கொடுத்தேன்.

"சனம் கேட்டால் என்னக்கா சொல்லுறது?" என்றார் தம்பி.

"அக்கா ஆசையாய்ச் சேர்த்த புத்தகம் எண்டு சொல்லு. இவ ஆர் எண்டு கேட்டால், அக்காவோடை வாழ்ந்தவ எண்டு சொல்லு."

சிலர் பார்த்தும் பாராததுபோல் இருந்தார்கள். அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து வந்த மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். கடைசியில், "இதுக்குள்ளை சீலை உடுத்த ஒருத்தியும் இல்லையே" என்றார். அக்கா போனபின் கிர்ஸ்டன் சிரித்தது அப்போதுதான். முப்பத்தோராம் நாள் படையலில் முதல் பூவை வைக்கக் கிர்ஸ்டனை முன்னுக்குக் கூப்பிட்டது தம்பிதான்.

வைத்தியசாலையில் அக்காவைப் பொறுமையாகப் பார்த்த தாதிமாருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த சொந்தங்களுக்கும், பெட்டியைத் தூக்கிய டெனிஷ் நண்பர்களுக்கும், மாமிக்கும், தம்பிக்கும் எங்கள் மனம் நிறைந்த நன்றி. தம்பி எழுதித் தந்த நன்றிப் பட்டியலில் கிர்ஸ்டனின் பெயர் முதலாவதாக இருந்தது. நல்ல மனத்தோடுதான் போட்டிருந்தார். நான் அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். வீட்டு ஆட்களுக்கு நன்றி சொல்வது நாங்கள் அறியாதது.

உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறும் குடும்பத்தினர்,
கிர்ஸ்டன், தங்கச்சி, பிள்ளைகள்.