அத்தை காட்டிய கால்

இன்று காலை எங்கள் தெருச் சாக்கடையில் கொசு எண்ணெய் அடித்தார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. அந்த நாற்றத்துக்காக என் அத்தை பட்ட பாடு அவருக்குத் தெரியாது.

எழுபதுகளில் அம்பத்தூரில் இருந்தோம். அப்பாவின் தங்கையும் எங்களோடு இருந்தார். கொசுக்கடியில் வந்த யானைக்கால் நோயால் அவருடைய இடது கால் உரல் மாதிரி வீங்கியிருந்தது. கல்யாணமும் அதனால் நின்றுபோனது. புடவையைத் தரையில் புரளக் கட்டி மறைத்துக்கொள்வார். வாசலுக்கே வரமாட்டார். ஒரே வீட்டில் இருந்த நானே அந்தக் காலைப் பார்த்ததில்லை.

ஒருநாள் எதிரிலிருந்த குட்டையில் எண்ணெய் அடிக்க ஆள் வந்தார். எண்ணெய் படர்ந்தால் கொசுப்புழு மூச்சுமுட்டிச் சாகும். அங்கே வாத்து மேய்க்கும் முனுசாமி மறித்தார்.

"எண்ண ஊத்துனா என் வாத்து செத்துப்பூடும். போய்யா அந்தாண்ட!"

வந்தவர் திரும்பிப் போகப் பார்த்தார். அத்தை படியிறங்கி வந்து, நடுத்தெருவில் புடவையை முழங்கால்வரை தூக்கினார்.

"இத்த பாருண்ணே. உனுக்கு வாத்து வேணுமா, உன் பொண்ணுக்கு காலு வேணுமா?"

முனுசாமி வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனார்.

உள்ளே வந்த அத்தை, புடவை விலகிய காலை நீட்டி உட்கார்ந்தார்.

"பயந்துட்டியா கண்ணு?"

"இல்ல அத்தே."

அந்தக் கால்மேலேயே தலைசாய்த்துப் படுத்தேன். அத்தை புடவையை இழுத்து மூடவில்லை.