எள்ளுச் சோறும் சமையல்கூட வண்டியும்

எனக்குப் பொறுமை கிடையாது. பேருந்து நிறுத்தத்தில்கூட உட்கார மாட்டேன். நின்று, நடந்து, சாலையை எட்டி எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளைத்தான் திருநள்ளாறு சாலையோரத்தில் இருந்த ஓர் அரசு தொடக்கப் பள்ளிக்குப் பொறுப்புத் தலைமையாசிரியையாகப் போட்டிருந்தார்கள். எங்கள் பள்ளியில் அடுப்பு கிடையாது. மதியச் சோறு மத்திய சமையல்கூடத்தில் வெந்து, காரைக்காலிலிருந்து வண்டியில் பள்ளி பள்ளியாக வரும். முற்பகலிலேயே என் காது வாசல் பக்கம் போய்விடும். கரும்பலகையில் கூட்டல் கணக்கை எழுதிக்கொண்டே வண்டிச் சத்தத்துக்குக் காத்திருப்பேன்.

அந்த வருடம் வண்டி அடிக்கடி பிந்தியது. நிதி வரவில்லை, வாடகை வண்டிக்காரர் வரமாட்டேன் என்கிறார், டயர் மாற்றவில்லை என்று நாளுக்கு ஒரு காரணம். எங்கோ ஒரு மேசையில் கோப்பு தூங்கினால், இங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளை மேசையில் தலையைச் சாய்த்துவிடும். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறவர்களும் சிலர் உண்டு. நான்காம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அதற்கு வழியில்லை. அவள் அம்மா சனீஸ்வரன் கோயில் பக்கத்து லாட்ஜில் அறை கூட்டுகிறவர். விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார். காலையில் பள்ளியில் கொடுக்கும் பாலும் மதியச் சோறும்தான் பகல் முழுக்க அவளுக்கு. சாப்பிடும்போது அவள் யாரோடும் பேச மாட்டாள்.

மழை விடுமுறைக்கு ஈடாகப் பள்ளி வைத்த ஒரு சனிக்கிழமை. மணி அடித்து, பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தும் வண்டியைக் காணோம். வாசலுக்கும் வராந்தாவுக்கும் நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கல்வித் துறை அலுவலகத்தில் உணவுப் பிரிவைப் பார்க்கிறவருக்குப் போன் செய்தேன். வண்டி பழுது, வேறு வண்டி தேடுகிறோம் என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். அவர் பதற்றமே இல்லாமல் பேசினார்.

"இன்னிக்கி சனிக்கெழமதானே டீச்சர். கோயிலுக்கு வர்றவங்க யாராச்சும் பொட்டலம் குடுப்பாங்க. பாத்து சமாளிச்சுக்குங்க."

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

சொல்லிவைத்தாற்போல் கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. வெளியூர்க் கணவனும் மனைவியும் இறங்கினார்கள். டிக்கி நிறைய எள்ளுச் சோற்றுப் பொட்டலங்கள். சனி தோஷம் கழிய ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டுமாம். கோயில் வாசலில் வாங்கினவர்களே திரும்பத் திரும்பக் கை நீட்டுகிறார்கள், ஏழைப் பிள்ளைகள் என்றால் இன்னும் விசேஷம் என்று யாரோ சொன்னார்கள், அதனால் தேடிக்கொண்டு வந்தோம் என்றார் கணவர். பணிவான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பள்ளிக்குள் வந்தார்.

எங்கள் பள்ளிகளில் ஒரு விதி உண்டு. எந்தச் சோறானாலும் பரிமாறுவதற்கு முன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதை அவரிடம் சொல்லி, ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். அலுவலகத்தார் மேலிருந்த எரிச்சலும் அதில் கொஞ்சம் இருந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"நாங்க சாப்பிடக் கூடாதுங்களே," என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை, பாவம், உள்ளதைச் சொன்னார். ஆனால் வராந்தா முழுக்கக் கேட்டது. கொடுக்கிறவர் தோஷம் சாப்பிடுகிறவருக்குப் போய்விடும் என்பதைத் திருநள்ளாற்றுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அதுவரை பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பசி முகத்தில் அப்படியே இருந்தது, கை மட்டும் நீளவில்லை.

திருப்பி அனுப்பியிருக்கலாம். என் வயிற்றில் காலையில் சாப்பிட்ட இட்லி இருந்தது. அவர்கள் வயிற்றில் பால் மட்டும்தான். நானே சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். சாமி விஷயத்தில் வாய் கிழியப் பேசுகிறவள்தான், ஆனால் ராகுகாலம் பார்க்காமல் ஒரு சேலைகூட வாங்கியதில்லை. போதாததற்கு எனக்கே அப்போது ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. இவருடையதும் சேர்ந்தால் பதினைந்து. கை ஒரு கணம் தயங்கத்தான் செய்தது. பிறகு பிள்ளைகள் எல்லோரும் பார்க்கும்படி நடுவில் உட்கார்ந்து பொட்டலத்தைக் காலி செய்தேன். நல்லெண்ணெய் மணக்க, நன்றாகவே இருந்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். அந்த நான்காம் வகுப்புப் பெண் மட்டும் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய், நானே சாப்பிட்டேனே, உனக்கென்ன என்று கேட்டேன்.

"அந்தச் சோறு மட்டும் வாங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க டீச்சர். நான் வண்டி சோறு சாப்பிட்டுக்கிறேன்."

வண்டி வந்தபோது கடைசிப் பாடவேளை. கூட வந்த உதவியாளர் குப்பையில் கிடந்த இலைகளைப் பார்த்துவிட்டு, எல்லாரும் சாப்பிட்டாச்சே, எதற்கு இறக்க வேண்டும் என்றார். ஒரு பிள்ளை சாப்பிடவில்லை, இறக்குங்கள் என்று சத்தம் போட்டேன். அவள் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன சாம்பார் சோற்றைச் சாப்பிட்டாள். மற்றதெல்லாம் வண்டியிலேயே திரும்பிப் போனது. எப்படியோ ஒரு பிள்ளையும் பட்டினி இல்லாமல் சமாளித்துவிட்டோம் என்று அன்று நான் கொஞ்சம் பெருமைப்பட்டதும் உண்மை.

அடுத்த மாதம் இன்னொரு சனிக்கிழமை பள்ளி வைத்தோம். அன்றும் வண்டி வரவில்லை. போன் செய்தேன். அதே குரல், இந்த முறை சிரிப்போடு.

"போன தடவ நீங்களே சாப்பிட்டுக் காட்டி எல்லாரையும் சாப்பிட வச்சீங்களாமே. நல்ல காரியம் டீச்சர். இன்னிக்கும் அப்படியே பாத்துக்குங்க."

வெளியே பார்த்தேன். பிள்ளைகள் வராந்தாவில் இல்லை. தட்டும் கையுமாக வாசலில் போய் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி வருவது கிழக்கே, காரைக்கால் பக்கமிருந்து. அவர்கள் மேற்கே கோயில் பக்கம் பார்த்து நின்றார்கள். கார் வருகிறதா என்று பார்க்கிறார்கள். நான்தான் பழக்கிவிட்டிருக்கிறேன்.

"இல்லைங்க," என்றேன். "என்னால சமாளிக்க முடியாது. பிள்ளைங்க பசியோட நிக்கிறாங்க. வண்டி கெளம்பிருச்சுன்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் போன வைக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் நடந்துபோய், பிள்ளைகளை உள்ளே வரச் சொல்லி வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எப்ப டீச்சர் சோறு போடுவீங்க என்று இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அதே கேள்வியை நான் போனில் கேட்டேன்.